டிஸ்சார்ஜுக்குப் பிறகு குழந்தை என்ன ஆனது? சின்ன ஆஸ்பத்திரியில் 28 நாள் கணக்கு வைப்பது எப்படி?

ஒடுகத்தூர் சிஸ்டர்:

அனைவருக்கும் வணக்கம். அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு என் பொறுப்பு. மாதம் 40 பிரசவம் போல நடக்கும். குழந்தைக்கென்று இருப்பது சூடு தரும் ஒரு வார்மர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், ஆக்சிஜன் சிலிண்டர், எடை மெஷின், அவ்வளவுதான். குழந்தை டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வேலூரிலிருந்து வந்து போவார். எடை ரொம்பக் குறைவாக இருந்தாலோ மூச்சு இழுத்தாலோ 108ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம், வசதி உள்ளவர்கள் சிஎம்சிக்குப் போவார்கள்.

நிர்வாகக் கூட்டத்தில் தவறாமல் "குழந்தை இறப்பு எத்தனை" என்று கேட்கிறார்கள். ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன், பெரும்பாலும் பூஜ்யம்தான், எல்லோரும் சந்தோஷமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேல் நம்பிக்கை இல்லை. எங்கள் ரெஜிஸ்டரில் கடைசிக் கட்டம் "டிஸ்சார்ஜின்போது நிலை". சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறார்கள், அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி எங்களிடம் ஒரு வரி கிடையாது. வெளியே அனுப்பிய குழந்தைகள் நிலைமை இன்னும் மோசம், "ரெஃபர்" என்று எழுதியதோடு சரி. ஒன்றரைக் கிலோவில் பிறந்து, இரவு 2 மணிக்கு வண்டி ஏற்றிவிட்ட குழந்தை பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலே அடுத்த பிரசவத்தைப் பார்க்கப் போகிறோம்.

கம்ப்யூட்டருக்கு ஆள் கிடையாது. ஒரு நோட்டும் ஒரு போனும் கேட்டால் கிடைக்கும். இதை வைத்து என்னென்ன எழுதினால், யாரை எப்போது கேட்டால், எங்களிடம் பிறந்த குழந்தைகள் பிழைக்கிறார்களா என்று உண்மையாகச் சொல்ல முடியும்? அப்புறம், "பிக்மியில் (கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் அரசுக் கணினிப் பதிவு) ஏற்றுகிறோமே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். அதற்கும் என்ன சொல்வது என்று சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை டாக்டர்:

சிஸ்டர், அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள், நீங்கள் நினைப்பது சரி. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பக்கம் குழந்தை வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பச்சிளங்குழந்தை இறப்பு என்றால் பிறந்து 28 நாள் முடிவதற்குள் நடக்கும் இறப்பு. குழந்தை அப்போது வார்டில் இருந்ததா வீட்டில் இருந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. 2022இல் உலகம் முழுக்க 23 லட்சம் குழந்தைகள் இப்படி இறந்தன, அதில் ஏறக்குறைய முக்கால்வாசி முதல் வாரத்துக்குள். மூன்றாம் நாள் கணக்கை மூடினால் அந்த முதல் வாரமே உங்கள் கையில் பாதிதான் இருக்கிறது. கிருமித் தொற்று வந்து பால் குடிப்பதை நிறுத்தும் குழந்தைகள் பலதும் அதற்குப் பிறகுதான் சுருண்டு படுக்கும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக்கு ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு 12.7 என்று வந்தது, இந்தியா முழுமைக்கும் 24.9. உங்களிடம் வருஷத்துக்கு 480 பிறப்பு. மாநிலச் சராசரியை வைத்தாலே வருஷத்துக்கு 6 இறப்பு வரும். சிக்கலான கேஸ்கள் பிரசவத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதால் உங்களுக்கு அதைவிடக் குறையலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி எங்கே? நீங்கள் அனுப்பிய இடத்தின் கணக்கில் இருக்கும், இல்லை வீட்டில் யாரும் எழுதாமல் போயிருக்கும்.

முதல் வேலை, நோட்டில் குழந்தைக்கு ஒரு வரி. தாய்க்கு ஒரு வரி என்று வைத்தால் இரட்டைக் குழந்தையில் ஒன்று காணாமல் போகும், இதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வரியில் பிறந்த நேரம், எத்தனை வாரம், எடை, ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா சிசேரியனா, உடனே அழுததா அல்லது ஆம்பு பேக் போட வேண்டியிருந்ததா, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தாயிற்றா, ஒரு மணி நேரத்தில் அக்குள் வெப்பநிலை எவ்வளவு. பிறகு மூன்று காலிக் கட்டங்கள் விடுங்கள்: டிஸ்சார்ஜ், 7ஆம் நாள், 28ஆம் நாள். 28ஆம் நாள் கட்டம் நிரம்பும் வரை அந்த வரி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கும் அதேதான், ரெஃபர் ஆனவர்களுக்கும் அதேதான்.

வெப்பநிலையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 36.5இலிருந்து 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். இறப்பு எப்போதாவது நடப்பது, குளிர்ந்துபோன குழந்தையோ தினமும் கண்ணில் படும். ஏசி ஓடும் தியேட்டரில் சிசேரியன் ஆகி வரும் குழந்தையை அளந்து பாருங்கள், மார்கழியில் மலைப்பக்கத்திலிருந்து வரும் குழந்தையை அளந்து பாருங்கள். ஒரு மாதம் எழுதினாலே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், அதைச் சரி செய்யத் துணியும் தாயின் மார்பும் போதும். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, டெல்லியிலும் நடந்தது, 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே கங்காரு முறையில் தாயின் மேல் வைத்தால் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைகிறது என்று காட்டியது. அவர்களும் 28ஆம் நாளைத்தான் எண்ணினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, இதில் யாரும் தயவு பார்க்கக் கூடாது. பிறந்த பிறகு மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, கை கால் அசைவு, இதில் ஏதோ ஒன்று இருந்தால் அது உயிர்ப் பிறப்பு. இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போன குழந்தையை "இறந்து பிறந்தது" என்று எழுதுவது வீட்டாருக்கு ஆறுதலாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அந்த வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன், அந்தக் குழந்தை கணக்கிலிருந்தே போய்விடுகிறது. ஆகவே இறந்து பிறந்தவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள், தோல் உரிந்திருந்ததா இல்லையா என்றும் எழுதுங்கள். தோல் உரியாமல் இருந்தால் பெரும்பாலும் வலி வந்த பிறகுதான் உயிர் போயிருக்கிறது. அப்படியானால் வலி நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவையும், முக்கும் நேரத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் குழந்தையின் துடிப்பைக் கேட்டோமா என்று பிரசவ அறையில்தான் விசாரிக்க வேண்டும்.

எண்கள் பேசட்டும்:

டாக்டர் சொன்ன 6ஐ வைத்து ஒரு எச்சரிக்கை. நான் மருத்துவத் துறை கிடையாது, புள்ளியியல் சொல்லித் தருகிறேன், காட்பாடி.

சராசரியாக வருஷத்துக்கு 6 இறப்பு எதிர்பார்க்கிற இடத்தில், எதுவுமே மாறாமல் வெறும் தற்செயலாகவே ஒரு வருஷம் 2 வரும், இன்னொரு வருஷம் 11 வரும். நிர்வாகக் கூட்டத்தில் "போன வருஷம் 3, இந்த வருஷம் 8, என்ன நடக்கிறது?" என்று சிஸ்டரைப் பிடித்து உலுக்கினால் அது நியாயமே கிடையாது. அதே மாதிரி 8 அடுத்த வருஷம் 3 ஆனதற்காக மாலை போடுவதும் அர்த்தமில்லாதது. மாதவாரி விகிதம் போடுவதை நிறுத்திவிடுங்கள், 40 பிறப்புக்கு ஒரு இறப்பு நடந்தால் "ஆயிரத்துக்கு 25" என்று வந்து எல்லோரையும் பயமுறுத்தும்.

பூஜ்யத்துக்கும் இதே கதைதான். 300 குழந்தைகளை 28 நாள் வரை உண்மையாகவே பின்தொடர்ந்து ஒரு இறப்பும் இல்லை என்றாலும், உண்மையான விகிதம் ஆயிரத்துக்கு 10 வரைகூட இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். 3ஐப் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். எனவே சின்ன ஆஸ்பத்திரியில் விகிதத்தை மூன்று வருஷம் சேர்த்துப் போடுங்கள், அதுவரை ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எடைவாரியாகவும் பிரியுங்கள், ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ், ஒன்றரை முதல் 2 வரை, 2 முதல் இரண்டரை வரை, அதற்கு மேல். இரண்டரைக் கிலோவுக்கு மேல் நிறைமாதத்தில் பிறந்த குழந்தை இறந்தால் அது ஒன்றே ஒன்றானாலும் முழுக் கூட்டமும் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆண் பெண் கட்டத்தை டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டார், நம் மாவட்டத்தில் அது லேசான விஷயம் அல்ல. 1980களின் கடைசியில் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் சில கிராமங்களில் பிறந்த குழந்தைகளை வீடு வீடாகத் தொடர்ந்து பார்த்தபோதுதான் பெண் சிசுக்கொலை அங்கே நடப்பது எண்ணிக்கையாக வெளியே வந்தது, 1992இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர் எதுவும் அதைக் காட்டியிருக்காது, ஏனென்றால் அந்தக் குழந்தைகள் எல்லாம் பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தன. பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியத்தில் சிஎம்சி சமுதாய நலத் துறை பல பத்தாண்டுகளாகக் கர்ப்பம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் கிராமத்திலிருந்தே சேகரிக்கிறது. அவர்களைப் போய்ப் பாருங்கள், பக்கத்தில்தானே இருக்கிறார்கள்.

மலையடிவாரம் விஎச்என்:

நான் கிராம சுகாதார செவிலியர், ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்கள் என்னுடையவை. எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் போன் நம்பர் விஷயத்தில்தான் இந்த நோட்டு பாதி காலியாகிவிடும், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

சிஸ்டர், கேஸ் ஷீட்டில் இருக்கும் நம்பர் யாருடையது என்று பாருங்கள். முக்கால்வாசி புருஷனுடையது. அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், இல்லை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். பெண்ணோ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வரை அங்கேதான் இருப்பாள். ஆதார் விலாசம் மாமியார் ஊர், குழந்தை இருப்பது அம்மா ஊர், நீங்கள் கூப்பிடுவது பெங்களூர். அதனால் டிஸ்சார்ஜ் அன்று "அடுத்த ஒரு மாசம் எந்த ஊரில், யார் வீட்டில் இருப்பீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். பெண்ணின் அம்மா நம்பர், அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர் நம்பர், அந்த ஊர் விஎச்என் யார் என்பது, மூன்றும் வேண்டும். நம்பரை அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள்.

பிக்மி பற்றிக் கேட்டீர்கள். பிக்மி நம்பரை உங்கள் நோட்டில் கட்டாயம் எழுதுங்கள், அந்த நம்பர் இருந்தால் எந்த ஊர் விஎச்என்னிடமும் பேச்சு நொடியில் முடியும். ஆனால் நாங்கள் அதில் எங்கள் ஊர்த் தாய்மார்களைப் பார்க்கிறோம், உங்களிடம் பிறந்த 40 பேரும் 40 ஊரில் சிதறிக் கிடப்பார்கள். அவர்களை ஒரே இடத்தில் பார்க்க உங்கள் நோட்டுதான். ஆந்திரா பக்கத்துப் பெண்கள் குடியாத்தம், காட்பாடி வரை பிரசவத்துக்கு வருகிறார்கள், சித்தூர் பக்கம் திரும்பிப் போய்விட்டால் எங்களில் யாரும் அந்த வீட்டுக்குப் போகப் போவதில்லை. அவர்களை முதல் ஆளாகப் போனில் பிடியுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் என்று தேசிய அளவில் நாட்கள் வகுத்திருக்கிறார்கள். நீங்களும் 7, 28 என்று வைத்தால் எங்களோடு ஒத்துப் போகும், நீங்கள் ஒரு தடவை கேட்டதை நான் மறுபடி கேட்டு வீட்டாரை நோகடிக்க வேண்டாம். மலை மேலே டவர் கிடைக்காத ஊர்களுக்கு ஒரே வழி, சந்தை நாளில் கீழே இறங்கும் ஆட்களிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ சொல்லி வைப்பதுதான்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். எடுத்த எடுப்பில் "குழந்தை நல்லா இருக்கா?" என்றால், போய்விட்ட வீட்டில்கூட "ம்ம், இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். பச்சைக் குழந்தை போனதை வெளியே பேச மாட்டார்கள், அன்றே கொல்லையிலோ சுடுகாட்டு ஓரத்திலோ புதைத்துவிட்டு, அழக்கூட விடாமல் பெண்ணை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். முதலில் அம்மாவைக் கேளுங்கள், தையல் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, சாப்பிடுகிறாளா. பிறகு பாப்பா ராத்திரி எத்தனை தடவை பால் குடிக்கிறது, தொப்புள் விழுந்துவிட்டதா என்று கேளுங்கள். இதற்குப் பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள். அப்புறம் தகவல் கேட்பதை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணோடு பேசுங்கள், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியில் கிடப்பாள், அதற்கு என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேரணாம்பட்டு அம்மா:

நான் நர்ஸும் இல்லை டாக்டரும் இல்லை. என் மகள் எட்டாம் மாதத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தாள், பெயர் வேண்டாம். அன்று ராத்திரியே வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டு, அதில் எடையும் "ரெஃபர்" என்பதும் மட்டும். என்ன ஊசி போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று போன இடத்தில் கேட்டபோது என் தம்பிக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மகள் பிழைத்துவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் பிறந்த இடத்திலிருந்து இன்றுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை, அந்தக் குழந்தை என்ன ஆச்சு என்று. கூப்பிட்டால் நாங்கள் தப்பாக நினைப்போமோ என்று தயங்காதீர்கள் சிஸ்டர். கூப்பிடுங்கள். நல்ல செய்தி சொல்லவும் எங்களுக்கு ஆள் வேண்டும்.

ஒடுகத்தூர் சிஸ்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நோட்டுக்குக் கோடு போட்டாயிற்று. விஎச்என் அக்கா சொன்ன மாதிரி தாய்வீட்டு ஊர், மூன்று நம்பர், பிக்மி நம்பர் எல்லாவற்றுக்கும் கட்டம் வைத்திருக்கிறேன். ரெஃபர் சீட்டுக்கும் நகல் வைக்கப் போகிறோம், கொடுத்த மருந்து, நேரம், கிளம்பும்போது வெப்பநிலை, அனுப்பிய இடத்தில் யாரிடம் போனில் சொன்னோம் என்பதோடு.

இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, எத்தனை கூப்பிட்டாலும் கிடைக்காத குடும்பங்கள் இருக்கும். அவர்களை நான் உயிரோடு இருப்பதாக எழுதுவதா, விட்டுவிடுவதா? இரண்டாவது, எங்கள் நிர்வாகி கேட்டார், "இத்தனை வருஷம் பூஜ்யம், இப்போது நாமே தேடிப் போய் எண்ணி 4, 5 என்று காட்டினால் ஊரில் பெயர் கெடாதா?" அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயப்படுகிறார்.

பாலாற்றங்கரை டாக்டர்:

கிடைக்காதவர்களை உயிரோடு என்றும் எழுதாதீர்கள், விட்டும் விடாதீர்கள். "தெரியவில்லை" என்று தனியாக எழுதுங்கள். கூட்டத்தில் எப்போதும் மூன்று எண் சொல்லுங்கள்: 480இல் இத்தனை பேர் 28 நாள் தாண்டினார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை பேர் தெரியவில்லை. இறந்தது 4, தெரியாதது 60 என்றால் அந்த 4ஐ வைத்து எதுவும் பேச முடியாது என்று எல்லோருக்கும் புரியும். முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் வேலையே அந்த மூன்றாவது எண்ணைக் குறைப்பதுதான். அதிலும் ரெஃபர் ஆன குழந்தைகளில் "தெரியவில்லை" என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது, அவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள், போன இடத்து பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டரிடம் வாரம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

நிர்வாகியிடம் இதைச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவில் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள், அந்த ஊர்களில் இறப்பு 62 சதவீதம் குறைந்தது, 1999இல் வெளியானது அது. அதைக் காட்ட முடிந்ததே, பிறப்பையும் இறப்பையும் ஒன்று விடாமல் முதலிலிருந்தே எண்ணி வைத்திருந்ததால்தான். பழைய பூஜ்யத்தோடு புதிய 5ஐ யாரும் ஒப்பிடக் கூடாது, பழையது டிஸ்சார்ஜ் வரைக்கும், புதியது 28 நாள் வரைக்கும். அறிக்கையின் முதல் வரியிலேயே இதை எழுதி வையுங்கள்.

அப்புறம், இறப்பைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே வரக் கூடாது என்று நிர்வாகியிடம் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். வீட்டார் கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது, வழியில் எவ்வளவு, நம்மிடம் வந்த பிறகு எவ்வளவு, இந்த மூன்றையும் மணிக் கணக்கோடு எழுதிப் பேசுங்கள். ஒருத்தரைத் திட்டினால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் குழந்தையும் "இறந்து பிறந்தது" ஆகிவிடும், அல்லது கடைசி மூச்சில் வண்டி ஏற்றப்படும். இறந்து பிறந்தது திடீரென்று கூடி, பிறந்து இறந்தது அதே அளவு குறைந்தால் எனக்கு எழுதுங்கள், அந்த வரிகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலையடிவாரம் விஎச்என்:

சிஸ்டர், கிடைக்காத குடும்பங்களின் பிக்மி நம்பரை அந்தந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். எங்கள் மாதக் கூட்டத்தில் எல்லா விஎச்என்னும் ஒன்றாக உட்காருவோம், பாதிப் பேரை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். அணைக்கட்டு, கணியம்பாடி இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தனிச் செய்தியில் வாருங்கள், சேர்த்துவிடுகிறேன்.